சொன்னதைச் செய்யும் ஏவலாள்

2001-ஆம் ஆண்டு நவம்பர் மாதத்தில் ஆப்பிள் நிறுவனம் தன் ஐடியூன்ஸ் இசை மென்பொருளின் 2.0 பதிப்பை மேக் கணினிகளுக்காக வெளியிட்டது. பலரும் அதைப் பதிவிறக்கம் செய்து, நிறுவும் பொத்தானை அழுத்தினார்கள். பெரும்பாலோருக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆனால், வன்தட்டைப் பல பகுதிகளாகப் பிரித்து வைத்திருந்த சிலருக்கு, அந்தப் பகுதிகளில் இருந்த கோப்புகள் எல்லாம் அழிந்துபோயின. ஆப்பிள் அவசரமாக அந்தப் பதிப்பைத் திரும்பப் பெற்று, 2.0.1 என்ற திருத்திய பதிப்பை வெளியிட்டது.

இது வைரஸின் வேலை அன்று. வெளியாள் யாரும் உள்ளே புகவும் இல்லை. ஒரே ஒரு வரியில் இரண்டு மேற்கோள் குறிகள் விடுபட்டுப் போனதுதான் காரணம். அந்த வரி ஐடியூன்ஸ் மென்பொருளுக்குள் இருக்கவில்லை. நிறுவும் மென்பொருள் தன் வேலைக்கு நடுவில் அழைத்த ஒரு சிறிய கட்டளைக் கோப்பில் இருந்தது. பழைய ஐடியூன்ஸை முதலில் அழித்துவிடு என்பதே அந்த வரியின் வேலை. எந்தத் தட்டில் அழிப்பது? நிறுவும் மென்பொருள் தட்டின் பெயரைக் கொடுக்கும். கோப்பு அதைத் தன் வரிக்குள் பொருத்திக்கொள்ளும்.

சிலர் தங்கள் தட்டின் பெயருக்கு முன்னால் ஓர் இடைவெளியை விட்டிருந்தார்கள். அப்படிச் செய்தால் பட்டியலில் அந்தப் பெயர் முதலில் வந்து நிற்கும் என்பதற்காகச் செய்த சிறிய தந்திரம் அது. அந்த இடைவெளி, கட்டளையை இரண்டாக வெட்டிவிட்டது. 'இந்தத் தட்டில் உள்ள பழைய ஐடியூன்ஸை அழி' என்று சொல்ல நினைத்த வரி, 'தட்டுகள் எல்லாம் இருக்கும் இடத்தை அழி. பிறகு இன்னொன்றையும் அழி' என்று மாறியது. கணினி அப்படியே செய்தது.

தமிழ் படித்தவர்களுக்கு இது புதிதாக இருக்காது. தாமரை என்று சேர்த்துச் சொன்னால் பூ. தா, மரை என்று பிரித்தால் தாவுகின்ற மான். வேங்கை என்றால் புலி. வேம், கை என்று பிரித்தால் வேகின்ற கை. இலக்கண ஆசிரியர்கள் இதைப் பொதுமொழி என்பார்கள். கேட்பவர் இடம் பார்த்துப் பொருள் கொள்வார். கணினியிடம் அந்த இடம் பார்க்கும் அறிவு கிடையாது. இடைவெளி கண்ட இடத்தில் பிரிக்கும், பிரித்ததைச் செய்யும்.

அப்படிப் பிரிப்பது யார்? ஷெல் என்று ஒரு நிரல். ஷெல் என்ற ஆங்கிலச் சொல்லுக்கு ஓடு என்று பொருள். கணினி இயங்குதளத்தின் உள் மையத்தைச் சுற்றி ஓடு போல இருந்துகொண்டு, மனிதர் தட்டச்சு செய்யும் கட்டளைகளை வாங்கி உள்ளே சொல்வது அதன் பணி. அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தில் யூனிக்ஸ் உருவானபோது, 1971-இல் கென் தாம்சன் எழுதிய ஷெல் அதனோடு வந்தது. 1979-இல் வெளியான யூனிக்ஸ் ஏழாம் பதிப்பில் ஸ்டீவன் போர்ன் எழுதிய ஷெல் இடம்பெற்றது. லினக்ஸ், மேக் கணினிகளில் உள்ள ஷெல்கள் இன்றும் பெரும்பாலும் அந்த போர்ன் ஷெல் வகுத்த வழக்கங்களையே பின்பற்றுகின்றன. ஷெல் செய்ய வேண்டிய வேலைகளை வரிசையாக ஒரு கோப்பில் எழுதி வைத்தால், அதுதான் ஷெல் ஸ்கிரிப்ட். சமையல் குறிப்பு போல, மேலிருந்து கீழாக ஒவ்வொரு வரியாகப் படித்துச் செய்யும்.

நாம் அன்றாடம் பயன்படுத்தும் பெரிய மென்பொருள்கள் பலவும் அப்படிப்பட்டவை அல்ல. சி, சி++, ரஸ்ட் போன்ற மொழிகளில் எழுதி, தொகுப்பி என்னும் கம்பைலர் வழியாக இயந்திர மொழிக்கு மாற்றப்பட்டவை அவை. வேகமானவை, கட்டுக்கோப்பானவை. ஆயினும் இந்தப் பெரியவர்கள் அடிக்கடி அந்தச் சிறிய ஏவலாளைக் கூப்பிடுகிறார்கள். கோப்புகளைச் சுருக்குவது, படத்தைச் சிறிதாக்குவது, மின்னஞ்சல் அனுப்புவது போன்றவற்றுக்கு ஏற்கெனவே நல்ல கருவிகள் கணினியில் இருக்கின்றன. அவற்றைத் திரும்ப எழுதுவதை விட, ஒரு வரியில் ஷெல்லிடம் சொல்லிவிடுவது எளிது அல்லவா?

சி மொழியில் இதற்கென்றே 'சிஸ்டம்' என்று ஒரு செயற்கூறு உண்டு. அதனிடம் ஒரு வரியைக் கொடுத்தால் போதும். யூனிக்ஸ் வகைக் கணினிகளில் அது மூன்று காரியங்களைச் செய்கிறது. முதலில் புதிய இயக்கம் ஒன்றைக் கிளப்புகிறது. அந்தப் புதிய இயக்கம் ஷெல்லாக மாறி, கொடுத்த வரியை வாங்கிக்கொள்கிறது. வேலை முடியும்வரை மூல நிரல் வாசலில் காத்து நிற்கிறது. கற்பதற்கு ஐந்து நிமிடம்கூட ஆகாது. சிக்கலும் இங்கேதான் தொடங்குகிறது. ஷெல்லிடம் போவது ஒரே ஒரு நீண்ட வரி. அதில் எது கட்டளை, எது பெயர், எது தகவல் என்பதை ஷெல்தான் பிரித்துப் பார்க்க வேண்டும். எழுதியவர் மனத்தில் என்ன இருந்தது என்பது அதற்குத் தெரியாது.

ஓர் எடுத்துக்காட்டைப் பார்க்கலாம். மலேசியாவில் ஒரு சங்கம் தன் உறுப்பினர்களுக்குச் சந்தா ரசீது கொடுக்க மென்பொருள் ஒன்றை எழுதி வாங்குகிறது என்று வைத்துக்கொள்வோம். உறுப்பினர் பெயரைத் தட்டச்சு செய்து பொத்தானை அழுத்தினால், அந்த மென்பொருள் ஒரு ஷெல் ஸ்கிரிப்டை அழைக்கும். ஸ்கிரிப்ட், அந்தப் பெயரிலேயே ரசீதுக் கோப்பை உருவாக்கும். எழுதியவர் ஓர் ஒற்றைச் சொல் பெயரைப் போட்டுச் சோதித்துப் பார்த்தார். நன்றாக வேலை செய்தது.

அடுத்த நாள் உண்மையான உறுப்பினர்கள் வருகிறார்கள். முருகன் ஏ/எல் கோவிந்தன் என்பது ஒருவர் பெயர். அடையாள அட்டையில் உள்ளபடியே தட்டச்சு செய்கிறார்கள். இரண்டு இடைவெளிகள் இருப்பதால் ஷெல்லுக்கு இது மூன்று தனிச் சொற்கள். அதோடு, யூனிக்ஸ் வகைக் கணினிகளில் சாய்கோடு என்பது ஒரு கோப்புறைக்குள் இன்னொன்று என்பதைக் குறிக்கும் அடையாளம். ஆகவே, இடைவெளிச் சிக்கலைச் சரிசெய்த பிறகும், 'முருகன் ஏ' என்ற கோப்புறைக்குள் 'எல் கோவிந்தன்' என்ற கோப்பு என்றே கணினி புரிந்துகொள்ளும். அப்படி ஒரு கோப்புறை கிடையாது, ரசீதும் கிடையாது. சிங்கப்பூரில் எஸ்/ஓ, டி/ஓ என்று எழுதும் குடும்பங்களுக்கும் இதே கதிதான்.

பெயரை ஒற்றை மேற்கோள் குறிகளுக்குள் அடைத்துவிட்டால் இடைவெளிச் சிக்கல் தீரும் என்று எழுதியவர் நினைக்கலாம். ஒரு நாள் டத்தோ பட்டம் பெற்ற ஒருவர் சந்தா கட்ட வருகிறார். மலாயில் அந்தப் பட்டத்தை எழுதும்போது கடைசியில் ஒரு மேற்குறி வரும் என்பது மலேசிய வாசகர்களுக்குத் தெரியும். ஷெல்லுக்கு அந்தக் குறி, மேற்கோள் முடிந்துவிட்டது என்பதற்கான அடையாளம். அதற்குப் பிறகு வரும் பெயர் வெளியே வந்து விழுகிறது. இங்கே யாரும் தீங்கு நினைக்கவில்லை. ஒருவர் தம் பெயரைச் சரியாகச் சொன்னார், அவ்வளவுதான்.

தீங்கு நினைப்பவர் வந்தால் என்ன ஆகும்? ஷெல் மொழியில் அரைப்புள்ளி என்பது ஒரு கட்டளை முடிந்து அடுத்தது தொடங்குவதைக் குறிக்கும். செங்குத்துக் கோடு, ஒன்றின் விடையை அடுத்ததற்கு அனுப்பும். புதிய வரி வந்தாலும் புதிய கட்டளைதான். பெயர் கேட்கும் கட்டத்தில் ஒருவர் ஒரு பெயரையும், அரைப்புள்ளியையும், அதன்பின் ஓர் அழிக்கும் கட்டளையையும் எழுதினால், பாதுகாப்பில்லாமல் எழுதிய நிரல் அத்தனையையும் ஷெல்லிடம் ஒப்படைத்துவிடும். கடைக்காரரிடம் கொடுத்த சீட்டில் 'ஒரு கிலோ அரிசி' என்பதற்குக் கீழே 'கல்லாப் பெட்டியில் உள்ளதையும் கொடு' என்று வேறொருவர் எழுதிச் சேர்த்தது போல. கடைக்காரர் சிரிப்பார். ஷெல் கொடுத்துவிடும்.

இது கற்பனைப் பயம் அன்று. 1996-இல் வெளிப்பட்ட 'பிஎச்எஃப்' விவகாரம் இணையப் பாதுகாப்புத் துறையில் பழம்பெரும் கதை. அந்நாளில் என்சிஎஸ்ஏ, அப்பாச்சி ஆகிய இணைய வழங்கி மென்பொருள்களோடு மாதிரிக்காகச் சேர்த்துக் கொடுக்கப்பட்ட சிறிய சி நிரல் அது. பல்கலைக்கழகத் தொலைபேசிப் பட்டியலில் பெயர் தேடித் தருவது அதன் வேலை. பெயரை வாங்கி, ஷெல் வழியாகத் தேடும் கருவிக்கு அனுப்பும். எழுதியவர்கள் அறியாதவர்கள் அல்லர்; ஆபத்தான குறிகளையெல்லாம் செயலிழக்கச் செய்யும் ஒரு பகுதியும் அதில் இருந்தது. அரைப்புள்ளியைப் பிடித்தார்கள், செங்குத்துக் கோட்டைப் பிடித்தார்கள். புதிய வரியைக் குறிக்கும் எழுத்தை மட்டும் விட்டுவிட்டார்கள். அந்த ஒன்றின் வழியாக வெளியாட்கள் பல வழங்கிகளில் கடவுச்சொல் கோப்பையே எடுத்துப் பார்த்தார்கள்.

ஆபத்தான குறிகளைப் பட்டியல் போட்டு நீக்குவது சரியான வழியன்று என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை. பட்டியலில் ஒன்று விடுபட்டாலும் போதும், கதவு திறந்துவிடும்.

இருபது ஆண்டுகள் கழித்து, 2016 மே மாதத்தில், இதே தவறு இன்னும் பெரிய இடத்தில் வெளிப்பட்டது. இமேஜ்மேஜிக் என்பது படங்களைச் சிறிதாக்கவும் உருமாற்றவும் உலகெங்கும் இணையத்தளங்கள் பயன்படுத்தும் மென்பொருள். சி மொழியில் எழுதித் தொகுக்கப்பட்டது. தன்னால் நேரடியாக இயலாத வேலைகளுக்கு அது வேறு கருவிகளை ஷெல் வழியாக அழைக்கும். இணைய முகவரியிலிருந்து படத்தை எடுத்து வருவதும் அத்தகைய வேலை. முகவரியை அப்படியே கட்டளை வரிக்குள் வைத்து அனுப்பியது. முகவரிக்கு நடுவே ஒரு மேற்கோள் குறியையும் செங்குத்துக் கோட்டையும் ஒருவர் வைத்தால், அதற்குப் பின்னால் உள்ளது கட்டளையாகிவிடும். அந்த முகவரி, படக் கோப்பின் உள்ளேயே எழுதப்பட்டிருக்கலாம். கோப்பின் பெயர் ஜேபெக் என்று முடிந்தாலும் பயனில்லை. இமேஜ்மேஜிக் உள்ளடக்கத்தைப் பார்த்தே வகையைத் தீர்மானித்தது. ஆக, ஓர் இணையத்தளத்தில் 'உங்கள் புகைப்படத்தை ஏற்றுங்கள்' என்று ஓர் இடம் இருந்தால், அதுவே கட்டளை கொடுக்கும் வாசலாகியது. இமேஜ்டிராஜிக் என்று அந்தக் குறைபாட்டுக்குப் பெயர் வைத்தார்கள்.

சரி, தீர்வுதான் என்ன? ஷெல்லை நடுவில் நிறுத்தாமல் இருப்பதே முதல் தீர்வு. யூனிக்ஸில் 'எக்ஸெக்' என்ற குடும்பத்தைச் சேர்ந்த அழைப்புகள் உண்டு. அவற்றுக்கு ஒரு நீண்ட வரியைக் கொடுப்பதில்லை. தனித்தனிச் சொற்களின் பட்டியலைக் கொடுக்கிறோம். முதல் சொல் கருவியின் பெயர், இரண்டாவது கோப்பின் பெயர் என்று ஒவ்வொன்றும் தனிப் பெட்டியில் போகிறது. யாரும் இடைவெளி பார்த்துப் பிரிப்பதில்லை. ஆகவே அரைப்புள்ளி வெறும் அரைப்புள்ளி. டத்தோவின் மேற்குறி வெறும் மேற்குறி. ஜாவா மொழியில் 2004-இல் வந்த 'பிராசஸ் பில்டர்', கியூட்டி நூலகத்தின் 'கியூபிராசஸ்' ஆகியவையும் இப்படிப் பட்டியலாக வாங்கிக்கொள்பவைதான். ஷெல் ஸ்கிரிப்டையே ஓட்ட வேண்டியிருந்தாலும், அதன் பெயரை ஒரு சொல்லாகவும் தகவலை இன்னொரு சொல்லாகவும் கொடுக்கலாம். ஸ்கிரிப்டுக்குள் அந்தத் தகவலை வாங்கும் இடத்தில் இரட்டை மேற்கோள் குறி போட மறக்கக்கூடாது. ஐடியூன்ஸ் நிறுவலில் விடுபட்டது அதுவே.

சாய்கோடு மட்டும் இதிலும் தீராது. அதற்கு, பெயரைக் கோப்பின் பெயராக வைக்காமல் உறுப்பினர் எண்ணை வைப்பதே நல்லது. கழித்தல் குறியில் தொடங்கும் பெயர்களும் தொல்லை தருபவை. அவற்றைக் கருவிகள் தங்களுக்கான விருப்பத்தேர்வு என்று எடுத்துக்கொள்ளும். பல கருவிகளில் இரண்டு கழித்தல் குறிகளை முன்னால் தனியாகக் கொடுத்தால், 'இனி வருவதெல்லாம் பெயர்தான்' என்று பொருள்.

உண்மையில், பாதி நேரம் ஷெல் தேவையே இல்லை. ஒரு கோப்பை அழிக்கவும் பெயர் மாற்றவும் எந்த மொழியிலும் நேரடிச் செயற்கூறு இருக்கிறது. பக்கத்து அறைக்குப் போக டாக்சி பிடிப்பது போல, அதற்கும் சிலர் ஷெல்லைக் கூப்பிடுகிறார்கள்.

ஏவலாள் திரும்பி வந்து என்ன சொல்கிறான் என்று கேட்பதும் முக்கியம். ஒவ்வொரு நிரலும் முடியும்போது ஓர் எண்ணை விட்டுச் செல்லும். சுழியம் என்றால் வெற்றி. வேறு எதுவானாலும் கோளாறு. 127 என்றால் அப்படி ஒரு கட்டளையே கிடைக்கவில்லை என்று ஷெல் சொல்வதாகக் கொள்ளலாம். பல நிரல்கள் இந்த எண்ணைப் பார்ப்பதே இல்லை. பார்த்தாலும் இன்னொரு பள்ளம் இருக்கிறது. ஸ்கிரிப்டின் கடைசிக் கட்டளை விட்டுச் செல்லும் எண்தான் வழக்கமாகத் திரும்பி வரும். நடுவில் பத்து வரிகள் தோற்றுப் போய், கடைசி வரி 'முடிந்தது' என்று திரையில் எழுதினால், அழைத்த மென்பொருளுக்கு எல்லாம் வெற்றி என்றே செய்தி போகும். தோல்விக்குப் பிறகும் ஷெல் நிற்காமல் அடுத்த வரிக்குப் போய்விடும் என்பதுதான் இதில் கொடுமை.

2015 ஜனவரியில் லினக்ஸ் கணினி ஒன்றில் இப்படித்தான் நேர்ந்தது. ஸ்டீம் என்ற கணினி விளையாட்டு மென்பொருளைத் தொடங்கி வைக்கும் ஷெல் ஸ்கிரிப்ட், முதலில் தான் எந்தக் கோப்புறையில் இருக்கிறேன் என்று கண்டுபிடிக்கும். பயனர் ஒருவர் அந்தக் கோப்புறையை வேறொரு தட்டுக்கு மாற்றியிருந்தார். கண்டுபிடிக்கும் வரி தோற்றது; கோப்புறையின் பெயர் வெறுமையாக நின்றது. பின்னால் ஒரு வரி, 'அந்தக் கோப்புறைக்குள் உள்ள அனைத்தையும் அழி' என்றது. பெயர் வெறுமையானதால் மிஞ்சியது சாய்கோடு மட்டும். தனியாக நிற்கும் சாய்கோடு என்றால் கணினியின் ஆணிவேர். அந்தப் பயனருக்குச் சொந்தமான கோப்புகள் யாவும் அழிந்தன. இணைத்திருந்த வெளித் தட்டும் தப்பவில்லை. அழிக்கும் அந்த வரிக்கு மேலேயே, பயமாயிருக்கிறது என்ற பொருளில் ஒரு சொல்லை நிரலாளர் குறிப்பாக எழுதி வைத்திருந்தார். பயந்தவர், பெயர் வெறுமையா என்று ஒரு வரியில் சோதித்திருக்கலாம்.

கட்டளை வரி சுத்தமாக இருந்தாலும், அதனோடு சேர்ந்து போகும் மூட்டையையும் பார்க்க வேண்டும். ஒரு நிரல் இன்னொன்றை அழைக்கும்போது, சூழல் மாறிகள் என்ற தகவல் மூட்டை ஒன்று உடன் போகும். கருவிகளை எந்தெந்தக் கோப்புறைகளில் தேடுவது என்பதும் அதில்தான் இருக்கும். அதை ஒருவர் மாற்றிவிட்டால், நல்ல கருவியின் பெயரில் போலிக் கருவி ஓடும். அதனால்தான் கருவியின் முழு முகவரியையும் எழுத வேண்டும் என்கிறார்கள். 2014 செப்டம்பர் 24-ஆம் தேதி வெளியான 'ஷெல்ஷாக்' குறைபாடு இந்த மூட்டையில்தான் ஒளிந்திருந்தது. பேஷ் என்ற பிரபலமான ஷெல், சூழல் மாறிக்குள் ஒரு குறிப்பிட்ட வடிவில் எழுதப்பட்டதைக் கட்டளையாக எடுத்து ஓட்டிவிடும். கண்டுபிடித்தவர் ஸ்டெஃபான் ஷாசலாஸ். 1989 முதல், அதாவது கால் நூற்றாண்டாக, அது அங்கேயே இருந்திருக்கிறது. சில வகை இணைய வழங்கிகள், வருகையாளரின் உலாவி சொல்லும் விவரங்களைச் சூழல் மாறியில் வைத்தே ஸ்கிரிப்டை அழைத்தன. எனவே தளத்தைப் பார்க்க வந்தவரே கட்டளை கொடுக்க முடிந்தது. செய்தி வெளியான சில மணி நேரத்துக்குள் தாக்குதல்களும் தொடங்கிவிட்டன.

அழிவு ஏதும் இல்லாமல் எரிச்சல் மட்டும் தரும் சிக்கலும் ஒன்று உண்டு. பொத்தானை அழுத்தியதும் மென்பொருள் உறைந்து நிற்கும். ஸ்கிரிப்ட் முடியும்வரை மூல நிரல் காத்திருப்பது ஒரு காரணம். இன்னொன்று, ஸ்கிரிப்ட் எழுதும் விடைகள் ஒரு குழாய் வழியாக வருகின்றன. லினக்ஸில் அந்தக் குழாய் வழக்கமாக 65,536 பைட்டுகள் கொள்ளும். மூல நிரல் அதைப் படிக்காமல் விட்டால் குழாய் நிரம்பும். நிரம்பியதும் ஸ்கிரிப்ட் நிற்கும். ஸ்கிரிப்ட் முடியட்டும் என்று நிரலும், நிரல் படிக்கட்டும் என்று ஸ்கிரிப்டும் ஒன்றையொன்று பார்த்துக்கொண்டு நிற்கும். விடையை உடனுக்குடன் படிக்க வேண்டும். காத்திருப்பதற்கு ஒரு காலவரம்பும் வேண்டும்.

விண்டோஸ் கணினிக்கு வந்தால், பட்டியலாகக் கொடுக்கும் பாதுகாப்பும் முழுதாகக் கிடைப்பதில்லை. அங்கே இயங்குதளம் புதிய நிரலிடம் ஒரே நீண்ட வரியைத்தான் கொடுக்கிறது. பிரித்துக்கொள்வது அந்தந்த நிரலின் பொறுப்பு. பேட்ச் கோப்பு எனப்படும் விண்டோஸ் ஸ்கிரிப்டை அழைத்தால், கேட்காமலேயே சிஎம்டி என்ற ஷெல் நடுவில் வந்து, தன் சொந்த விதிப்படி வரியைப் பிரிக்கிறது. பாதுகாப்புக்குப் பெயர்பெற்ற ரஸ்ட் மொழியே இதில் சறுக்கியது. 2024 ஏப்ரல் 9-ஆம் தேதி இந்தக் குறைபாடு அறிவிக்கப்பட்டபோது, அதன் கடுமைக்குப் பத்துக்குப் பத்து மதிப்பெண் கொடுத்தார்கள். வேறு சில மொழிகளுக்கும் இதே பாதிப்பு இருந்தது. ரஸ்டின் 1.77.2 பதிப்பில் திருத்தம் வந்தது. பேட்ச் கோப்புக்குப் போகும் தகவலைப் பாதுகாப்பாகப் பொதிய முடியவில்லை என்று தெரிந்தால், அந்தப் பதிப்பு கோப்பை ஓட்டுவதில்லை; பிழை என்று சொல்லித் திருப்பி அனுப்பிவிடுகிறது.